கேற்றடி ஒயில்

திருகோணமலை நகரத்தில் நிலத்துக்கடியில் எங்கே தண்ணீர்க் குழாய் வெடித்தாலும் கூப்பிடுகிற ஆள் நான்தான். நீர் வழங்கல் அலுவலகத்தில் தொழில்நுட்ப உத்தியோகம். காய்ந்த வீதியில் ஈரத்தைக் கண்டால் ஒரு இரும்புக் கம்பியை ஊன்றி, அதன் தலையில் காதை வைத்துக் கேட்டு, ஒழுக்கு இங்கேதான் என்று காலால் கோடு போட்டுக் காட்டிவிடுவேன். அநேகமாகப் பிழை வராது. இந்தப் பெருமையை நான் யாருக்காவது சொன்னால் அவர்கள் முதலில் என் காரைப் பார்ப்பார்கள். பிறகு காருக்குக் கீழே பார்ப்பார்கள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவார்கள்.

அது அறுபத்து நாலாம் ஆண்டு இங்கிலாந்தில் செய்த கார். சாம்பல் நிறம், வட்டமான முதுகு, ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு. அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு டொக்டரிடமிருந்து வாங்கினேன். எனக்கு ஐம்பது வயது ஆகப்போகிற நேரம். கல்யாணம் கட்டவில்லை. தலைமயிர் முன்பக்கத்திலிருந்து பின்வாங்கத் தொடங்கியிருந்தது. புதுக் கார் வாங்குகிற நிலையில் நாடும் இல்லை, நானும் இல்லை. பழைய காரில் போகிற ஆளுக்கு ஒரு தனி மதிப்பு வரும் என்று நினைத்தேன். வந்தது ஒயில்.

"கொஞ்சம் ஒயில் குறையும், இடைக்கிடை பாத்துக்கொள்ளுங்கோ" என்று டொக்டர் சொல்லியிருந்தார். நல்ல மனிதர் தன் பொருளைத் தாழ்த்திச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நோயாளிக்குக்கூட அவர் இப்படித்தான் பக்குவமாகச் செய்தி சொல்லியிருப்பார் என்பது பிறகுதான் விளங்கியது.

கார் நின்ற இடமெல்லாம் கறுப்பு வட்டம். வீட்டில் ஒரு பழைய தட்டத்தைக் கீழே வைத்தேன். அலுவலகத்தில் என் மேலதிகாரி குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு இடம் ஒதுக்கினார். கோயிலில் பங்குத்தந்தை ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏதோ பெரிய பாவத்தைப் பற்றிக் கேட்கப் போகிறவர்போலக் குரலைத் தாழ்த்தி, "டொமினிக், இனிமேல் காரை மாதா கெபிக்குக் கிட்ட மட்டும் விடாதீங்கோ" என்றார்.

அந்தக் கோயிலின் பாடகர் குழுவில்தான் மாகிரட் மிஸ் இருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. தாதிமாரை எங்கள் ஊரில் எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம், நானும் அப்படியே. தாயும் தகப்பனும் போன பிறகு, உட்துறைமுக வீதிக்குப் பின்னாலிருக்கும் ஒரு ஒழுங்கையில், பெற்றோரின் வீட்டில் தனியாக இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. பாட்டில் ஒருவர் சுருதி தவறினால் திரும்பிப் பார்க்க மாட்டார். புருவத்தை மட்டும் உயர்த்துவார். நான் பாடும்போது அவருடைய புருவத்துக்கு ஓய்வே கிடையாது.

ஒரு கார்த்திகை மழைக்கு ஓட்டோ கிடைக்காமல் அவர் கோயில் விறாந்தையில் நின்றார். நான் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டேன். அடுத்த பயிற்சி நாளில் மழை இல்லை. ஆனாலும் கேட்டேன், அவர் ஏறினார். பிறகு கேட்காமலே ஏறினார். பழைய எஞ்சின் சூடாகும்வரை வேகமாக ஓடக்கூடாது என்று சொல்லி, சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போகிற வேகத்தில் ஓட்டுவேன். வீட்டுக் கேற்றடிக்கு வந்தால் அவர் உடனே இறங்கமாட்டார். ஆஸ்பத்திரிக் கதை, பங்குத்தந்தையின் பிரசங்கம், கோட்டைப் பக்கமிருந்து வருகிற மான்கள் தன் செவ்வரத்தைப் பூச்செடிகளைக் கடித்துப்போட்ட கதை என்று காருக்குள்ளேயே இருந்து கதைப்பார். நான் "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நேரம் முழுவதும் காரும் கீழே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரேயொரு குறை. அவர் என்னை "டொமினிக் அண்ணா" என்று கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ ஒன்று இறங்கிப்போகும்.

இந்த நிலையில் மிஸ் தன் கேற்றுக்கு வெளியே, ஒழுங்கை ஓரம்வரை, புதுச் சீமெந்து போடுவித்தார். வெள்ளையாக, கண் கூசும்படி இருந்தது. அடுத்த பயிற்சி நாள் முடிந்து நான் போன பிறகு, நடுவில் ஒரு கறுப்பு வட்டம்.

அவருடைய வீட்டுக்கு நேரெதிரே ஸெய்னுதீன் நானாவின் பலசரக்குக் கடை. கிண்ணியா ஆள். ஒவ்வொரு நாளும் விடிய மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து கடை திறப்பவர். எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிற சுபாவம்.

"என்ன சேர், நேத்து கனநேரம் கதைச்சீங்க போல?" என்றார் ஒருநாள், நான் சோடா வாங்கப் போனபோது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் நானா? நேற்று நேரத்தோட கடையைப் பூட்டினீங்களே."

அவர் கையில் இருந்த சீனிக் கரண்டியால் எதிர்க் கேற்றைக் காட்டினார். "முந்தாநாள் வட்டம் பேணி மூடியளவு. இண்டைக்குப் பாத்தா சாப்பாட்டுக் கோப்பையளவு."

சோடாவைக் குடிக்காமலே வந்துவிட்டேன். ஒரு பெண்ணின் வாசலில் எத்தனை நிமிடம் நின்றேன் என்று ஒழுங்கை முழுவதும் வாசிக்கும்படி எழுதி வைத்துவிட்டு வருகிற ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எப்படியும் அந்தக் கறையைக் கழுவிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். மிஸ்ஸுக்கு இரவு வேலை வருகிற கிழமை எது என்று கதையோடு கதையாகக் கேட்டு வைத்திருந்தேன். அந்தக் கிழமையில், விடிந்தும் விடியாத நேரம், ஒரு வாளி, உடுப்புத் தோய்க்கிற பவுடர், மண்ணெண்ணெய்ப் போத்தல், மரத்தூள் ஒரு பை, கம்பிப் பிரஷ் எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். காரில் போனால் பழைய கறையைக் கழுவுகிற நேரத்துக்குள் புதுக் கறை வந்துவிடும் என்கிற அளவுக்கு எனக்கு மூளை இருந்தது.

முழங்காலில் நின்று மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்த்தேன். ஒயில் இளகியது. இளகி, அகன்று, முன்பு சாப்பாட்டுக் கோப்பையளவாக இருந்தது இப்போது சுளகளவாகப் பரவியது. மரத்தூளைக் கொட்டினேன். இரண்டு மான்கள் ஒழுங்கையால் வந்து நின்று பார்த்தன. அவற்றில் கொம்பு வைத்தது மரத்தூள் பையை மணந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல், நான் கழற்றிச் சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிட்ட சேர்ட்டைக் கடிக்கத் தொடங்கியது. நான் "சூ, சூ" என்று மெல்லிய குரலில் விரட்டிக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"என்ன சேர்," என்றார் ஸெய்னுதீன் நானா, தலைக்கவசத்தைக் கழற்றாமலே. "நேர்த்திக்கடனா?"

"சத்தம் போடாதீங்கோ நானா."

"நான் எங்க போட்டேன்? அந்தப் பிரஷ்தான் போடுது. கிண்ணியாவுக்கே கேக்கும்."

அப்போதுதான் கேற் திறந்தது. மாகிரட் மிஸ் வீட்டுச் சட்டையோடு, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். இரவு வேலை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், மானின் வாயில் தொங்கிய என் சேர்ட்டைப் பார்த்தார்.

"அண்ணா, என்ன செய்யிறீங்கள்?"

"குழாய்," என்றேன். "இதில குழாய் ஒழுகுதெண்டு முறைப்பாடு வந்தது. அதுதான் பாக்க வந்தனான்."

"குழாயில மண்ணெண்ணெயோ வருது?"

எதிரே ஸெய்னுதீன் நானா கடையின் பலகையைச் சத்தமில்லாமல் கழற்றப் பழகிக்கொண்டிருந்தார். மிஸ் உள்ளே போய் இன்னொரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நான் சீமெந்துக் கரையில் குந்தியிருந்து குடித்தேன். அவர் கேற்றில் சாய்ந்து நின்றார்.

"எனக்கு ட்ரான்ஸ்பர் வந்திருக்கு," என்றார். "மட்டக்களப்புக்கு. வாற மாசம் போகவேணும்."

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் சொல்லக்கூடிய சொற்கள் எத்தனையோ உண்டு. ஐயோ என்றாவது சொல்லலாம். நான் கறையைப் பார்த்துக்கொண்டு, "இது டப்பட் கவர் பெக்கிங்காத்தான் இருக்கவேணும் மிஸ். இல்லாட்டி சம்ப் பெக்கிங்," என்றேன். ஒயில் கசியாமல் மூடிக்கு இடையில் வைக்கிற அந்தப் பெக்கிங் எங்கே இருக்கிறது, எப்படிக் காய்ந்து சுருங்கும் என்றும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் பதற்றப்பட்டால் வாய் தானாக எஞ்சினுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். வெளியே இழுத்தெடுக்க எனக்கே ஏலாது.

கடைசியில் நிலைமையைச் சரிப்படுத்துகிறேன் என்று நினைத்து, இன்னும் பெரிய முட்டாள்தனம் ஒன்றைச் சொன்னேன்.

"நீங்கள் யோசிக்காதீங்கோ. சாமான் எல்லாத்தையும் நானே காரில கொண்டுபோய் மட்டக்களப்பில விட்டுவிடுறன். அதுக்கிடையில ஒயில் ஒழுக்கையும் நிப்பாட்டிப்போடுவன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"நல்லது அண்ணா," என்றார். கேற்றைச் சாத்திய சத்தம் தேவைக்கு மிஞ்சியதாக இருந்தது.

ஒரு பெண் ஊரை விட்டுப் போகிறாள் என்று கேட்டதும் அவளை ஏற்றிக்கொண்டுபோய் விட முன்வந்தவன் நான். சைக்கிளை உருட்டிக்கொண்டு, கை கடிபட்ட சேர்ட்டோடு வீடு வரும்வரை என்னை நானே திட்டினேன். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். சரியாகச் செய்யத் தெரிந்த ஒரு காரியமாவது செய்வோம், ஒழுக்கை அடைப்போம் என்று இறங்கினேன்.

ஒழுக்கு என்றால் இறுக்கு. தண்ணீர்க் குழாயில் நான் கற்றது அது. சனிக்கிழமை எஞ்சினின் மேல்மூடியைப் பிடித்திருந்த நட்டுகளை என் பலம் எல்லாம் போட்டு இறுக்கினேன். மூடி தகரத்தால் ஆனது, நடுவில் வளைந்தது. முதலில் துளித்துளியாக வந்தது இப்போது கோடாக வந்தது. ஒழுக்கை நிறுத்தும் என்று போத்தலில் எழுதியிருந்த ஒரு மருந்தையும் வாங்கி ஊற்றினேன். அது ஒழுகுகிற ஒயிலுக்கு ஒரு இனிய மணத்தைக் கொடுத்தது. வேறொன்றும் செய்யவில்லை. தடிப்பான ஒயிலுக்கு மாற்றினேன். தடிப்பான ஒயில் ஆறுதலாக ஒழுகியது.

பிறகு காரைப் பிரகலாதனிடம் கொண்டுபோனேன். அனுராதபுரச் சந்தியைத் தாண்டி அவனுடைய கராஜ். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பழைய கார் என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவான். "இதெல்லாம் ஒரு வேலையோ மச்சான்" என்று சொல்லி, வளைந்த மூடியைத் தட்டி நிமிர்த்தி, புதுப் பெக்கிங் போட்டான். மேலே நின்றது, கீழே தொடங்கியது. எஞ்சினின் அடியிலிருக்கும் ஒயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி அதற்கும் புதுப் பெக்கிங் போட்டான். கீழே நின்றது, எஞ்சினின் முன்பக்கப் பெல்ட் சில்லுக்குப் பின்னாலிருந்து தொடங்கியது. அங்கேயிருந்த சீல் வளையத்தை மாற்றினான். அடுத்தநாள் மேல்மூடியிலிருந்தே திரும்பவும் தொடங்கியது.

"மச்சான், இது ஒயில் இல்லை," என்றான் பிரகலாதன், காருக்கடியிலிருந்து வெளியே வந்து. "செய்வினை."

"நீ என்னட்டைச் சொன்னது, இதெல்லாம் ஒரு வேலையோ எண்டு."

"நீ என்னட்டைச் சொன்னது, ஊரில எந்த ஒழுக்கையும் கண்டுபிடிப்பாய் எண்டு. கொண்டா உன்ர கம்பியை. காதை வைச்சுக் கேள்."

நான் உண்மையிலேயே கம்பியைக் கொண்டுவந்து வைத்துக் கேட்டேன் என்பதை இங்கே மறைப்பதில் பயனில்லை. எஞ்சின் சத்தம்தான் கேட்டது.

மிஸ் போக வேண்டிய நாள் நெருங்கியது. பிரகலாதன் கடைசி முயற்சியாக எஞ்சினை ஓடவிட்டு, அக்சலறேற்றரை அழுத்தச் சொன்னான். நான் அழுத்தினேன். அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது ஒயில் மட்டம் பார்க்கிற கம்பி, யாரும் தொடாமல், தன் துளையிலிருந்து "டப்" என்று கிளம்பி அவனுடைய நெற்றியில் பட்டு விழுந்தது. அவன் நெற்றியைத் தடவியபடி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அதைவிட வெட்கமான காட்சி அந்தக் கராஜில் நடந்திருக்காது.

எஞ்சினுக்குள் சேருகிற காற்றும் ஆவியும் வெளியேற, பக்கவாட்டில் ஒரு குழாய் உண்டு. அதன் அடியில் ஒரு கம்பிவலை. அந்தக் குழாய் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எந்தப் பொருத்தில் இடைவெளி இருக்கிறதோ அதனால் ஒயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஒரு இடத்தை அடைத்தால் அடுத்த இடத்தைத் தேடும். பிரகலாதன் அந்தக் குழாயைக் கழற்றித் தட்டினான். தார்போல இறுகிய கறுப்புக் கட்டி ஒன்று விழுந்தது. எத்தனை வருடத்துப் பழையதோ.

"முதல் நாளே இதைப் பாத்திருக்கவேணும்," என்றான்.

"தண்ணிக் குழாயிலயும் இதுதான்," என்றேன். "அழுத்தம் கூடினா எல்லா மூட்டும் ஒழுகும். வேலை பழக வாற பிள்ளையளுக்கு இதைத்தான் படிப்பிக்கிறனான்."

"உன்னட்டைப் படிச்ச பிள்ளையள் பாவம்," என்றான் அவன்.

கழுவிப் பூட்டிய பிறகு கார் இரவு முழுவதும் வெள்ளைக் கடதாசிக்கு மேல் நின்றது. விடிய ஒரேயொரு துளி. பழைய காருக்கு ஒரு துளி என்றால் அது ஒழுக்கே இல்லை. நான் அந்தக் கடதாசியை மடித்து யாருக்காவது காட்ட வேண்டும் என்று எடுத்து வைத்தேன். பிறகு இதை யாருக்குக் காட்டுவது என்று வெட்கப்பட்டு எறிந்துவிட்டேன்.

புறப்படுகிற காலை, கேற்றடியில் பெட்டிகளை ஏற்றி முடித்ததும், ஒயில் மட்டம் சரியா என்று கடைசியாக ஒருமுறை பார்த்தேன். பொனற்றைத் திறந்து, மேல்மூடியின் ஒயில் அடைப்பைக் கழற்றி, இன்னும் கொஞ்சம் விட்டுத் துடைத்தேன். அந்த நேரம் மிஸ் வீட்டைப் பூட்டிவிட்டு, கதவில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் திரும்பி வந்ததும் பொனற்றை மூடிவிட்டேன். ஸெய்னுதீன் நானா ஒரு பை நிறையப் பிஸ்கட் கொண்டுவந்து, காரில் ஏறியிருந்த மிஸ்ஸின் மடியில் வைத்தார். "வழியில சாப்பிடுங்க. இவர் ஓடுற ஓட்டத்துக்கு ரெண்டு நேரச் சாப்பாடு தேவைப்படும்," என்றார்.

பாலம் தாண்டினோம். கிண்ணியா போனது, மூதூர்ச் சந்தி போனது. ஒரு துளியும் ஒழுகாத காரில் போகிறேன் என்ற மிதப்பில் நான் வழமையைவிட வேகமாக ஓட்டினேன். குழாய் அடைபட்டிருந்த கதையை மிஸ்ஸுக்கு முதலிலிருந்து சொன்னேன். அவர் யன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு "ம்" போட்டார். தோப்பூருக்குக் கிட்ட வரும்போது ஒரு மணம். பிறகு பொனற்றின் இடுக்கால் நீலப் புகை.

"அண்ணா, புகை."

"அது முந்தி ஒழுகின ஒயில் எரியுது மிஸ். போகப்போகச் சரிவரும்."

போகப்போக முன்கண்ணாடியால் வீதி தெரியாமல் போனது. ஒயில் அழுத்தத்துக்குரிய சிவப்பு விளக்கு மின்னியது. ஓரமாக நிறுத்திப் பொனற்றைத் திறந்தேன். எஞ்சின், பற்றரி, வயர்கள், பொனற்றின் உட்பக்கம் எல்லாம் ஒயிலில் குளித்திருந்தன. மேல்மூடியில் அடைப்பு இருக்கவேண்டிய இடத்தில் வட்டமான ஒரு வெறும் துளை மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை காலமும் துளித்துளியாக ஒழுகியதையெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது.

குனிந்து கீழே தேடினேன். பற்றரிக்குப் பின்னால் கைவிட்டுத் தேடினேன். சேர்ட்டும் முகமும் கறுப்பாயின. மிஸ் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

"என்ன தேடுறீங்கள்?"

"அடைப்பு. வழியில கழண்டு விழுந்திட்டுது போல. ஆர் சரியாப் பூட்டேல்லையோ தெரியாது."

"உங்கட சேர்ட் பொக்கற்றில என்ன கிடக்கு?"

தொட்டுப் பார்த்தேன். எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். இருவரும் அந்த அடைப்பைப் பார்த்தோம். மிஸ் சிரிக்கத் தொடங்கினார். தாதிமார் சிரிப்பை அடக்கப் பழகியவர்கள். ஆனால் அன்றைக்கு அவர் வீதியோரக் கல்லில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணி வரச் சிரித்தார். வயலில் நின்ற ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

தோப்பூர்ச் சந்தை கிட்டத்தான். காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம். உழவு மெசின் சாமான் விற்கிற கடை ஒன்று திறந்திருந்தது. தாஹிர் என்று பெயர் சொன்னார் கடைக்காரர். நான் நின்ற கோலத்தைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்காமலே ஒயில் டின்னை எடுத்தார்.

"மெசினுக்கு ஊத்துற ஒயில்தான் இரிக்கு. ஊரு போய்ச் சேர இது போதும். ஆனா எஞ்சின் ஆறட்டும், கொஞ்சம் இரிங்க."

கடை வாசலில் இரண்டு கதிரை போட்டார். பக்கத்துக் கடையில் பால் விடாத பிளேன்ரீ சொன்னார். நாங்கள் இருந்தோம். மிஸ்ஸுக்குச் சிரிப்பு அடங்கியிருந்தது. அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"டொமினிக்," என்றார்.

அண்ணா இல்லை. வெறும் டொமினிக். நான் கதிரையில் நிமிர்ந்தேன்.

"நான் ஒண்டு கேக்கிறன். எஞ்சினைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாம மறுமொழி சொல்லவேணும். ஏலுமோ?"

"கேளுங்கோ."

"என்னை ஏன் மட்டக்களப்புக்குக் கொண்டுபோறீங்கள்?"

"சாமான் கனக்க…"

"சாமானை லொறியில போட்டிருக்கலாம். எனக்கு பஸ் ஓடுது."

"நீங்கள் போறது எனக்கு விருப்பமில்லை," என்றேன்.

"விருப்பமில்லாத ஆள் தானே ஏத்திக்கொண்டுபோய் விடுறதோ?"

"வேற என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல. ட்ரான்ஸ்பர் எண்டு நீங்கள் சொன்ன அண்டைக்கே கேட்டிருக்கவேணும். அப்ப அந்தப் பெக்கிங்…"

அவர் ஒரு விரலை உயர்த்தினார். நான் வாயை மூடினேன். பிறகு திறந்தேன். மெதுவாகத்தான் கேட்க நினைத்தேன். ஆனால் வெளியே வந்த சத்தம், மூன்று கடை தள்ளி மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்துகிற அளவுக்கு இருந்தது.

"என்னைக் கட்டுவீங்களோ?"

தாஹிர் மறுபக்கம் திரும்பி, தொங்கிக்கொண்டிருந்த பெல்ட்டுகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். மிஸ் பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்தார். எனக்கு இன்றைக்கும் அந்த ஒரு மிடறுதான் என் வாழ்க்கையிலேயே நீண்ட நேரம்.

"இவ்வளவு காலமும் நான் ஏன் காருக்குள்ளயே இருந்து கதைச்சனான் எண்டு நினைச்சீங்கள்?" என்றார். "எனக்கு வீட்டில கதிரை இல்லையெண்டோ?"

"அப்ப ஓமோ?"

"ஓம். ஆனா வேலையை விடமாட்டன். மட்டக்களப்புக்குப் போகத்தான் போறன். நீங்கள்தான் வந்து போகவேணும்."

"ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவன்."

"பஸ்ஸில வாங்கோ," என்றார்.

தாஹிர் பெல்ட்டுகளை விட்டுவிட்டு வந்து பிளேன்ரீக் காசை வாங்க மறுத்தார். ஒயில் காசை மட்டும் வாங்கினார். வியாபாரம் வேறு என்று விளங்கப்படுத்தினார். நான் ஒயில் ஊற்றினேன். அடைப்பை மிஸ் தன் கையாலேயே பூட்டி, பூட்டிய பிறகு ஒருமுறை இழுத்தும் பார்த்தார். வெருகல், வாகரை எல்லாம் தாண்டி மட்டக்களப்புக்குப் போய்ச் சேரும்வரை எனக்கு வீதியில் ஒரு கண்தான் இருந்தது. நான் இடைக்கிடை அவரைப் பார்ப்பேன். "றோட்டைப் பாருங்கோ" என்பார்.

அவர் அறை எடுத்திருந்த வீடு ஆஸ்பத்திரிக்குக் கிட்டவே இருந்தது. வீட்டுக்காரம்மா ஜெனிதா அன்ரி, இளைப்பாறிய ஆசிரியை, மிகவும் சுத்தமான மனிசி. விறாந்தை முகம் தெரியும்படி துடைத்திருந்தது. நான் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு படியேறினேன். வியர்வையும் ஒயிலும் சேர்ந்து என்ன நிறத்தில் இருந்தேனோ தெரியாது. கடைசிப் பெட்டியை வைத்ததும் அன்ரி எனக்கு வெளியே குழாயடியைக் காட்டிவிட்டு, உள்ளே திரும்பிக் கேட்டார்.

"மிஸ், டிரைவருக்கும் சோறு போடட்டோ?"

மாகிரட் வாசலுக்கு வந்தார். நான் சவர்க்காரத்தோடு குனிந்து நின்றேன், நிமிரவில்லை.

"அவர் டிரைவர் இல்லை அன்ரி," என்றார். "நான் கட்டப்போறவர்."

ஜெனிதா அன்ரி என்னை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு மாகிரட்டைப் பார்த்தார், ஏதும் காய்ச்சலோ என்று பார்ப்பதுபோல. நல்ல மனிசி. தை மாதம் எங்கள் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலையோடு வந்து முன்வரிசையில் இருந்தவரும் அவர்தான். ஆனால் அன்றைக்கு, "அப்ப உள்ளுக்கு வாங்கோ தம்பி" என்று சொன்னவர், நான் செருப்பைக் கழற்றுவதற்கிடையில் விறுவிறுவென்று போய், மேசைக்கு முன்னால் கிடந்த கதிரையில் பழைய பேப்பரை விரித்தார். ஒன்று போதாதென்று நினைத்து இன்னொன்றும் விரித்துவிட்டு, "இப்ப இருங்கோ," என்றார்.